கடலே இல்லாத மதுரைக்கு 'மெரினா' எப்படி வந்தது? தெப்பக்குளத்தின் சுமார் 380 ஆண்டுக் கதை

சென்னைக்காரர்களுக்கு மெரினா. புதுச்சேரிக்காரர்களுக்கு ராக் பீச். சரி, மதுரைக்காரர்களுக்கு?

ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் போகணும். நினைச்ச நேரத்துல கிளம்பிப் போய் கால் நனைச்சுட்டு வர்ற தூரத்தில் மதுரைக்கு கடல் கிடையாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரையில் எங்கே கூட்டம்னு கேட்டா, வர்ற பதில் 'தெப்பக்குளம்'.

சுற்றுச்சுவரில் வரிசையா உட்கார்ந்து கதை பேசுறவங்க, பஜ்ஜி சட்டி முன்னாடி நிற்கும் கூட்டம், ராட்டினத்துல ஏற அடம்பிடிக்கிற குழந்தைகள், கைவீசி வேகமா நடக்கிற பெரியவர்கள், எதிரே நடுவில் மண்டபத்தோடு ஒரு பெரிய நீர்ப்பரப்பு. ஊர்க்காரர்கள் இதை 'மதுரையின் மெரினா' என்று சொல்வது சும்மா இல்லை.

ஆனா இந்தக் குளம் பல ஆண்டுகள் சொட்டுத் தண்ணீர் இல்லாம, கிரிக்கெட் மைதானமா கிடந்தது. இப்போ தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது? ஏன் நின்னு போச்சு? மறுபடியும் நின்னு போகுமா? விரிவா பார்க்கலாம்.

எங்கே இருக்கு?

முழுப் பெயர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மீனாட்சி அம்மன் கோயிலில் இருந்து கிழக்கே, கீழவாசல் தாண்டி காமராஜர் சாலையில் நேரா போனா சுமார் 4 கிலோமீட்டரில் வந்துவிடும். போற வழியிலேயே தியாகராசர் கல்லூரி. வைகை ஆற்றின் தென்கரையில், ஆற்றுக்குப் பக்கத்திலேயே குளம் இருக்கிறது. கரையில் உள்ள மாரியம்மன் கோயிலை வைத்துத்தான் குளத்துக்கு இந்தப் பெயர்.

வெளியூர்க்காரர்கள் ஒரு விஷயத்தை கவனிக்கணும். வண்டியூர் கண்மாய் வேற, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வேற. கண்மாய் வைகைக்கு வடக்கே, மாட்டுத்தாவணி, அண்ணா நகர் பக்கம் இருக்கிறது. தெப்பக்குளம் ஆற்றுக்குத் தெற்கே. ஆட்டோவில் ஏறி 'வண்டியூர்'னு மட்டும் சொன்னா வேற கரையில இறங்க வேண்டியிருக்கும். 'தெப்பக்குளம்'னு ஒரு வார்த்தை போதும்.

எவ்வளவு பெருசு?

குளத்தின் நீளம் சுமார் 1,000 அடி, அகலம் சுமார் 950 அடி. கிட்டத்தட்ட சதுரம். கரையை ஒரு முறை சுற்றினா ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நடந்திருப்பீங்க. காலையில் நடைப்பயிற்சிக்கு வர்றவங்க 'நாலு ரவுண்டு'ன்னு சொன்னா, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் என்று கணக்கு.

நான்கு பக்கமும் கருங்கல் படித்துறைகள், மொத்தம் 12. நடுவே நீராழி மண்டபம். அதைச் சுற்றி மரம் செடிகளோடு ஒரு சின்னத் தீவு, கோபுரத்தோடு கூடிய மைய மண்டபம். சாயங்கால வெளிச்சத்தில் இந்த மண்டபமும் தண்ணீரில் விழும் அதன் நிழலும்தான் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் அடிக்கடி வரும் படம்.

தமிழ்நாட்டின் பெரிய கோயில் குளங்களில் ஒன்று இது. இது மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் சொந்தமானது. கோயில் இருப்பது ஊர் நடுவில், கோயிலின் தெப்பம் மிதப்பது 4 கிலோமீட்டர் தள்ளி. ஏன் இப்படி?

திருமலை நாயக்கர் ஏன் இங்கே வெட்டினார்?

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்டவர் திருமலை நாயக்கர். இன்றைக்கு 'மஹால்' என்று அழைக்கப்படும் அவருடைய அரண்மனை 1636-ல் கட்டப்பட்டது. தெப்பக்குளம் அமைந்தது 1645-ல் என்று சொல்லப்படுகிறது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அரண்மனைக்குத் தேவையான செங்கல் செய்ய இந்த இடத்தில்தான் மண் எடுத்தார்களாம். மண் எடுத்து எடுத்து பெரிய பள்ளம் ஆகிவிட்டது. அந்தப் பள்ளத்தை அப்படியே விட மனமில்லாமல் மன்னர் அதைச் சதுரமாக்கி, கல் படி கட்டி, வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து குளமாக்கினார் என்பது அந்தக் கதை.

அந்தக் கதைக்கு ஒரு பிள்ளையாரும் சாட்சி. மண் தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் பெரிய விநாயகர் சிலைதான் மீனாட்சி கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையார். அம்மன் சன்னதியில் இருந்து சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் எல்லோரும் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது இவரைத்தான். ஒரு குறுணி என்றால் 6 படி. முக்குறுணி என்றால் 18 படி. விநாயகர் சதுர்த்தி அன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து இவருக்குப் படைப்பது வழக்கம். பெயர் வந்தது அப்படித்தான்.

சுருக்கமா சொன்னா, ஊர் நம்பும் கதைப்படி தெப்பக்குளம் முதலில் 'குளம் வெட்டணும்'னு வெட்டப்பட்டது இல்லை. வேற வேலைக்கு மண் எடுத்த இடம், பிறகு ஊருக்கே பொது இடமா ஆகிவிட்டது.

மெரினா கதையும் இதேதானா?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான ஒற்றுமை இருக்கு. சென்னை மெரினாவும் இன்றைய அளவுக்கு யாரும் திட்டம் போட்டு உருவாக்கியது இல்லை.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னையில் கடல் இப்போது இருப்பதைவிட கரைக்கு ரொம்ப நெருக்கமா இருந்தது. 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. வங்கக் கடல் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். நடுவில் துறைமுகச் சுவர் வந்து குறுக்கே நின்றது. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. தேங்கித் தேங்கி, இன்றைக்கு நடந்து கால் வலிக்கும் அளவுக்கு அகலமான மணல்வெளி ஆனது. அதுதான் மெரினா.

1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884-ல் கரையோரம் நடைபாதை அமைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தார். இத்தாலியின் சிசிலி நினைவில் வைத்த பெயர் அது.

பேரு அவர் வைத்தது. ஆனா இடத்தை மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது சென்னைக் கடற்கரையில்தான். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி இங்கே வைக்கப்பட்ட சிலைகளில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. கையில் சிலம்போடு நிற்கும் கண்ணகி நீதி கேட்டது மதுரையில்தானே! 2017 ஜனவரியில் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரில் வாடிவாசல் முன்னால் இளைஞர்கள் உட்கார்ந்தபோது, சென்னையில் அதே கோரிக்கையோடு லட்சக்கணக்கில் கூடிய இடமும் மெரினாதான்.

ஆனா மெரினா கதைக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போக வேண்டிய மணல் அல்லவா? அது போகாததால் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையை அரித்தது. அங்கே இன்றைக்குக் கடற்கரை இருந்த இடத்தில் கற்பாறைகள் கொட்டப்பட்டுக் கிடக்கின்றன. மீனவக் குடும்பங்கள் வீடு இழந்ததும் இதனால்தான்.

அதாவது, நாம் உட்கார்ந்து காற்று வாங்கும் இடத்தை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டம். மெரினாவில் அது மணல் ஓட்டம். தெப்பக்குளத்தில் அது தண்ணீர் ஓட்டம். மெரினாவில் ஓட்டம் தடைபட்டதால் இடம் கிடைத்தது. மதுரையில் ஓட்டம் தடைபட்டதால் இடம் காய்ந்துபோனது.

தெப்பத் திருவிழா: குளத்துக்கு வந்த பிறந்தநாள்

திருமலை நாயக்கரின் பிறந்த நட்சத்திரம் பூசம். தை மாதம் பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் சேரும் நாளில் இங்கே தெப்பத் திருவிழா நடக்கிறது. ஆங்கில மாதத்தில் ஜனவரி பிற்பாதி அல்லது பிப்ரவரி முதல் பாதியில் வரும்.

அன்று அதிகாலையிலேயே மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் கோயிலில் இருந்து புறப்பட்டு தெப்பக்குளம் வருகிறார்கள். அலங்கரித்த தெப்பத்தில் ஏறி, காலையில் இரண்டு முறையும் இரவில் ஒரு முறையும் மைய மண்டபத்தைச் சுற்றி வருவது வழக்கம். தெப்பத்துக்கு மோட்டார் கிடையாது. கரையில் நிற்கும் மக்கள்தான் வடம் பிடித்து இழுப்பார்கள். தேர் இழுக்கிற அதே வடம், அதே கூட்டம். ஆனா தேர் ஓடுவது தண்ணீர் மேல.

அம்மனும் சுவாமியும் வெளியே இருப்பதால் அன்றைக்கு மீனாட்சி கோயிலில் நடை சாத்தப்பட்டிருக்கும். வெளியூரில் இருந்து வர்றவங்க தேதி பார்க்காம வந்தா, மூடிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அன்றைக்கு மொத்த மதுரையும் தெப்பக்குளத்தில்தான்.

இப்போ ஒரு கேள்வி. தண்ணீரே இல்லாத வருஷத்தில் தெப்பம் எப்படி ஓடும்?

ஓடாது. தெப்பம் ஒரே இடத்தில் நிற்கும். அதுக்கு 'நிலைத் தெப்பம்' என்று பெயர். காய்ந்த குளத்தில் நிறுத்திய தெப்பத்தில் சுவாமியை எழுந்தருளச் செய்து விழாவை நடத்தி முடித்த வருஷங்களை நடுத்தர வயது மதுரைக்காரர்கள் பலரும் நேரில் பார்த்திருப்பார்கள். விழா நிற்கவில்லை, தண்ணீர்தான் இல்லை.

கிரிக்கெட் மைதானம் ஆனது எப்படி?

குளத்தைக் கட்டியவர்கள் அதை மழையை மட்டும் நம்பிக் கட்டவில்லை. மதுரையின் சராசரி மழையில் இவ்வளவு பெரிய குளம் நிரம்பாது. அதனால்தான் ஆற்றுக்குப் பக்கத்தில் வெட்டி, வைகையோடு கால்வாய் வழியாக இணைத்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடினால் குளத்துக்குத் தானாகவே தண்ணீர் வரும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

இந்த ஏற்பாடு பழுதானதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம், ஆறு மாறிவிட்டது. 1959-ல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் அணை அவசியம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனா அதற்குப் பிறகு மதுரை வைகையில் தண்ணீர் ஓடுவது, பெரும்பாலும் அணையைத் திறந்தால்தான் என்றாகிவிட்டது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையில் இருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டிய நிலை.

இரண்டாவது, ஆற்று மணல். பல ஆண்டுகள் மணல் அள்ளியதால் ஆற்றின் தரைமட்டம் கீழே இறங்கியது. ஆறு பள்ளத்தில், கால்வாயின் வாய் மேட்டில். அப்படி இருந்தா தண்ணீர் ஓடினாலும் கால்வாய்க்குள் ஏறாது. வீட்டு வாசலைவிட ரோடு உயர்ந்துபோனா மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும் இல்லையா, அதே கணக்குதான். இங்கே தலைகீழா நடந்திருக்கு.

மூன்றாவது, கால்வாய். வைகைத் தண்ணீரை தெப்பக்குளத்துக்குக் கொண்டுவருவது பனையூர் கால்வாய். ஊர் வளர வளர கால்வாய் ஓரம் வீடுகள் வந்தன. அகலம் குறைந்தது. குப்பை விழுந்தது. கழிவுநீர் கலந்தது. கடைசியில் அது கால்வாயா, சாக்கடையா என்று பார்ப்பவர்களுக்கே சந்தேகம் வரும் நிலை.

இந்த மூன்றும் சேர்ந்ததும் குளம் காய்ந்தது. காய்ந்த தரையில் ஒரே நேரத்தில் பல டீம்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தீவாக இருக்க வேண்டிய மைய மண்டபத்துக்கு மக்கள் நடந்தே போய் வந்தார்கள். ஒரு தலைமுறைக்கு 'தெப்பக்குளம்' என்றால் மைதானம் என்றே பதிந்துபோனது.

லாரியில் ஊத்தி நிரப்ப முடியாதா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

1,000 அடி நீளம், 950 அடி அகலம். இதில் ஒரே ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கணும்னா, நடுவில் உள்ள தீவைக் கழித்தாலும் சுமார் இரண்டரைக் கோடி லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி என்றால் 2,000 லாரிக்கு மேல ஆகும். அதுவும் ஒரு அடிக்கு மட்டும். தெப்பம் மிதக்கணும்னா பல அடி வேணும்.

ஊத்தின தண்ணீரும் அப்படியே நிற்காது. மதுரை வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலே, தினமும் 4 லட்சம் லிட்டருக்கு மேல் காற்றில் போய்விடும். அதாவது 30 லாரிக்கு மேல, தினமும். தரைக்குள் இறங்குவது தனி.

போர்வெல் போட்டு நிரப்பினாலும் இதே பிரச்னைதான். கூடவே சுற்றியுள்ள வீடுகளின் நிலத்தடி நீரும் குறையும். ஆக, இந்தக் குளத்துக்கு ஆறும் கால்வாயும் தவிர வேற வழி இல்லை. 17-ம் நூற்றாண்டில் அதைப் புரிந்துகொண்டுதான் கட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் திரும்பி வந்தது எப்படி?

புது தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பழைய வழியைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பனையூர் கால்வாயில் அடைந்திருந்த மண்ணும் குப்பையும் அகற்றப்பட்டு, வைகையில் தண்ணீர் ஓடும்போது அது குளத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. சமீப ஆண்டுகளில் குளம் நிறைந்தது. நிலைத் தெப்பம் மறுபடி நிஜத் தெப்பமாக மிதந்தது. தண்ணீர் நிறைந்திருந்த காலத்தில் படகு சவாரியும் நடந்தது.

பலன் அழகு மட்டும் இல்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் அது மெதுவாக நிலத்துக்குள் இறங்கும். காமராஜர் சாலை, அனுப்பானடி போன்ற சுற்றுப் பகுதிகளில் போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில், ஒரு குளம் நிறைந்திருப்பது பல குடும்பங்களின் மாதச் செலவைத் தொடும் விஷயம்.

கூட்டம் கூடியதும் அதற்குப் பிறகுதான் அதிகமானது. காய்ந்த குளத்தைப் பார்க்க யாரும் குடும்பத்தோடு வரமாட்டார்கள். தண்ணீர் வந்தது, காற்று குளிர்ந்தது, கடைகள் வந்தன. பருத்திப் பால், சுண்டல், மக்காச்சோளம், பானிபூரி என்று பலருக்கு சாயங்கால வியாபாரம் இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

மதுரையின் மற்ற குளங்கள் என்ன ஆச்சு?

தெப்பக்குளத்தின் மதிப்பு புரியணும்னா மற்ற குளங்களைப் பார்க்கணும்.

டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாள் கோயிலுக்குச் சொந்தமான ஒரு தெப்பக்குளம் இருக்கிறது. அந்த ரோட்டில் பலமுறை நடந்தவர்களில் பலருக்கும் அப்படி ஒரு குளம் இருப்பதே தெரியாது. காரணம், சுற்றிலும் கடைகள். குளம் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிறது. ஆக்கிரமிப்பு விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

தல்லாகுளம் என்ற பெயரில் 'குளம்' இருக்கிறது. போய்ப் பார்த்தால் அலுவலகங்களும் வீடுகளும் சாலைகளும்தான். 2004-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அமைந்திருப்பது உலகனேரியில். அந்தப் பெயரிலும் ஒரு 'ஏரி' ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் இடத்தின் பெயரே இப்படி!

தெப்பக்குளம் மட்டும் ஏன் தப்பித்தது? காய்ந்துகிடந்தாலும் அது எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. நான்கு பக்கமும் சாலை. வருஷத்துக்கு ஒரு முறை அம்மன் வந்தே ஆகணும். தினமும் நடக்கிறவர்கள், விளையாடுகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்கள் புழங்கும் இடத்தை அவ்வளவு சுலபமாக வளைத்துப்போட முடியாது. குளத்தைக் காப்பாற்றியதில் கல் சுவருக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சுவரில் உட்கார்ந்தவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஆனா கால்வாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே திருவிழா கிடையாது. செல்ஃபி கிடையாது. பஜ்ஜிக் கடை கிடையாது. வீடுகளுக்குப் பின்பக்கம் ஓடும் ஒரு ஓடையை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

யார் பொறுப்பு?

இதுதான் சிக்கலான இடம். குளம் மீனாட்சி கோயிலுக்குச் சொந்தம், கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ். ஆற்றையும் அணைத் தண்ணீரையும் பார்ப்பது நீர்வளத் துறை. குப்பை, கழிவுநீர், தெருவிளக்கு மாநகராட்சி. கூட்டத்தையும் வாகனத்தையும் சமாளிப்பது காவல் துறை.

குளம் நிறைந்திருக்க இவை எல்லாம் ஒரே நேரத்தில் சரியா நடக்கணும். அணையில் தண்ணீர் திறந்து, கால்வாய் அடைத்திருந்தா பயனில்லை. கால்வாய் சுத்தமாக இருந்து, ஆறு காய்ந்திருந்தா பயனில்லை. இரண்டும் சரியாக இருந்து, வழியில் கழிவுநீர் கலந்தா குளம் நிறையும், ஆனா நாறும். கழிவு அதிகமானா தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். அப்போதுதான் மீன்கள் செத்து மிதக்கும். எந்தக் குளத்திலும் மீன் செத்து மிதந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த வழியில் என்ன கலந்தது?' என்பதுதான்.

போறீங்களா? இதெல்லாம் தெரிஞ்சுக்கோங்க

*எப்போ போகலாம்?* நடைப்பயிற்சிக்கு அதிகாலை. குடும்பத்தோடு என்றால் மாலை 5 மணிக்கு மேல். மதுரை வெயிலில் மத்தியானம் போனா கல் சுவரில் உட்கார முடியாது.

*எப்படிப் போகலாம்?* பெரியார் பேருந்து நிலையத்தில் இருந்து நகரப் பேருந்துகள் உண்டு. மீனாட்சி கோயில் பக்கத்தில் இருந்து ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். ஞாயிறு மாலை சொந்த வண்டியில் போனா, நிறுத்த இடம் தேடுவதே பெரிய வேலை.

*செலவு?* கரையில் உட்கார, நடக்க கட்டணம் இல்லை. படகு சவாரி தண்ணீர் அளவையும் அனுமதியையும் பொறுத்தது. அதை மட்டும் நம்பி வெளியூரில் இருந்து கிளம்ப வேண்டாம்.

*தெப்பத் திருவிழா அன்று?* குளத்தைச் சுற்றிய சாலைகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். குழந்தைகள் சட்டைப் பையில் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு வைத்துவிடுங்க.

*முக்கியமா பாதுகாப்பு.* மெரினாவில் இழுப்பு அதிகம், அதனால் குளிக்கத் தடை என்று போர்டு இருக்கும். இங்கே அலை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பது தப்பு. பழைய கல் படிகளில் பாசி படிந்தால் வழுக்கும். படி முடியும் இடம் தண்ணீருக்குள் தெரியாது. சுற்றுச்சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். குழந்தைகளைச் சுவரில் உட்கார வைத்தால் கையை விடவே கூடாது.

*குப்பை.* சுண்டல் பொட்டலக் காகிதம், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாட்டில் எல்லாம் காற்றில் பறந்து போய்ச் சேரும் இடம் குளம்தான். தொட்டி தூரமா இருந்தாலும் நடந்து போய்ப் போடுங்க. எப்படியும் நடக்கத்தானே வந்திருக்கீங்க!

அடுத்து என்ன?

ஒவ்வொரு தை மாதமும் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது செய்தியாகும். ஆனா அந்தக் கேள்விக்கான பதில் அதற்குப் பல மாதங்கள் முன்பே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கால்வாய் தூர்வாரப்பட்டதா என்பதில் இருக்கிறது. அக்டோபரில் மழை தொடங்குவதற்குள் பனையூர் கால்வாய் சுத்தமாக இருந்தால், ஆற்றில் வரும் தண்ணீரைப் பிடிக்கலாம். விட்டுவிட்டால் அது மதுரையைத் தாண்டி ஓடிவிடும்.

அடுத்த முறை தெப்பக்குளச் சுவரில் உட்கார்ந்து பருத்திப் பால் குடிக்கும்போது தண்ணீர் மட்டம் இறங்கியிருப்பது கண்ணில் பட்டால், 'மழை இல்லை'ன்னு மட்டும் நினைக்க வேண்டாம். 'ஆத்துல தண்ணி ஓடுதே, கால்வாய்ல ஏன் வரலை?' என்று கேளுங்க. உங்க வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம், மாநகராட்சியின் குறைதீர் முகாமில் மனு கொடுக்கலாம். குளம் எல்லோர் கண்ணிலும் படும். கால்வாயைத்தான் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கணும்.